பின்னால் நிற்கிறவன்

நான் காய்கறி வாங்குகிற கடையில், வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே, கூரையிலிருந்து பாட்டு ஒழுகும். ஸோல் பாட்டு, கறுப்பின மக்கள் உயிரை உருக்கிப் பாடுவது. என் இருபத்துச் சொச்சம் வயதில் எந்தப் பாட்டுக்கு ஆயிரம் பேர் நாற்காலியைவிட்டு எழுந்து அலறினார்களோ, அதே பாட்டு. இப்போது அதைக் கேட்டுக்கொண்டே ஒருவர் தக்காளியை அமுக்கிப் பார்க்கிறார். இன்னொருவர் எந்தப் பால் வாங்குவது என்று மனைவிக்கு போன் போடுகிறார். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. எனக்கு மட்டும் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீளும், யாரோ விழப்போவதுபோல. அமெரிக்காவில் இந்த பால்டிமோருக்கு வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. பனியில் வழுக்கி விழுவது உட்பட எல்லாவற்றையும் இந்த ஊர் எனக்குப் பழக்கிவிட்டது. இந்தக் கைகளைத்தான் அதனால் திருத்த முடியவில்லை.

ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைத் தாண்டி மேலே ஏறினால் எங்கள் ஊர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் மேளம் சூடு பிடித்ததும் என் தங்கை சாலம்மாவுக்குச் சாமி வரும். முதலில் இடது தோள் இரண்டு முறை துடிக்கும். அப்புறம் தலை. அப்புறம் ஆளே அடியோடு சாய்வாள். சாமி வருகிற பெண்ணுக்குப் பின்னால் அவள் பிறந்த வீட்டு ஆண் ஒருவன் நின்று, அக்குளில் கை கொடுத்துத் தாங்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். கட்டின புருஷன் தொட்டால் சாமி குற்றம். அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். நான் ஏர் பிடித்தால் சால் கோணும், புளிய மரம் ஏறினால் பாதியில் தலை சுற்றும். ஆனால் சாலம்மாவை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. ஊரில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

சாமி மலையேறியதும் கண்ணைத் திறந்து கேட்பாள்: “இன்னாண்ணா, இன்னிக்கி ரொம்ப ஆடிட்டனா?”

“நீ எங்க ஆடினே? நீ சும்மா தொங்கினு இருந்தே. ஆடினது பூரா நான்தான்.”

புளி மூட்டையோடு ஜீப்பில் திருப்பத்தூர் சந்தைக்குப் போய்வந்தவன், அங்கே அறிமுகமான ஒருவர் பேச்சைக் கேட்டு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய், சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை கடலைப் பார்த்தது கிடையாது. கடலுக்கும் என்னைப் பார்க்க விருப்பம் இல்லை என்பது முதல் நாள் வாந்தியிலேயே தெரிந்துபோனது. புறப்பட்ட அன்று சாலம்மா ஜீப் வரைக்கும் வந்தாள்.

“ஆடிக்கு வந்துடுவ இல்ல? நீ வரலன்னா என்னை யாரு புடிப்பாங்க?”

“வராம எங்க போவேன்? கடல்லயா குதிக்கப் போறேன்?”

கடலில் குதிக்கவில்லை. பால்டிமோரில் கப்பலைவிட்டு இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது, பாதி வழியில் நின்றுவிடுகிறது. குடியிருக்க அனுமதிக் காகிதம் இல்லாதவனுக்குப் புறப்படுகிற கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். போனால் திரும்பி வர முடியாது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாமி ஒரு ஆடி பொறுத்துக்கொள்ளாதா?

ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். முனுசாமி என்ற பெயரைச் சொல்லும் பொறுமை அங்கே யாருக்கும் இல்லை, ‘சாம்’ ஆக்கிவிட்டார்கள். பக்கத்தில் கோழி பொரித்த லொரெட்டா என் வயதுக்காரி, கறுப்பினப் பெண். நாள் முழுக்கப் பாடுவாள். ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை, மதியக் கச்சேரிக்கு என்னையும் இழுத்துப் போனாள். எல்லோரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல உடுத்தியிருந்தார்கள். நான் பாத்திரக் கறை படிந்த கால்சட்டையோடு, கல்யாண வீட்டில் பந்தல் பிரிக்க வந்தவன்போல உட்கார்ந்திருந்தேன். பாடகர் முழங்காலில் விழுந்து கெஞ்சிப் பாடினார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் டிரம்ஸ் ஏறுகிற விதம் புரிந்தது. அது எங்கள் மேளம் ஏறுகிற விதம். மூன்றாவது பாட்டில் முன்வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண்மணி எழுந்தார். இடது தோள் துடித்தது. ஒரு முறை. இரண்டு முறை.

நான் யோசிக்கவே இல்லை. நாற்காலியைத் தாண்டிக் குதித்து, அவர் சாய்ந்த நேரத்தில் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிவிட்டேன். நல்ல கனம். கூடவே காவலாளி ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

“உன் மனைவியா?”

“இல்லை.”

“தெரிந்தவரா?”

“இல்லை.”

“அப்புறம் எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?”

“வேறு யாரும் பிடிக்கவில்லையே” என்றேன். அரைகுறை ஆங்கிலத்தில் அது திமிராகக் கேட்டிருக்க வேண்டும், வாசல்வரை காலரோடு போனேன். நல்லவேளை, அந்தப் பெண்மணி கண்ணைத் திறந்து, “அவரை விடுங்கள், நன்றாகப் பிடித்தார்” என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து லொரெட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் தேவாலயத்தில் ஆவி இறங்கும்போது தாங்கிப் பிடிப்பதற்கென்றே வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் இருக்கிறார்களாம். “உனக்கு உடுப்பு ஒன்றுதான் குறை, சாம்” என்றாள். நடந்தே வீடு வந்தேன். அந்நிய நாட்டிலும் என் தொழிலுக்கு மதிப்பு உண்டு என்று எனக்கு ஒரே பெருமை.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சாலம்மாவின் கணவன் கோவிந்தன் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது. ஆடித் திருவிழாவில் சாலம்மா விழுந்துவிட்டாள். பலிக்கல்லில் தலை பட்டது. ஜீப் கிடைக்கவில்லை. கட்டிலில் வைத்துத் தூக்கி இறங்கினோம், திருப்பத்தூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. இப்படிக்கு. அதற்குக் கீழே, மறந்துபோய்ச் சேர்த்ததுபோல, நீ நலமா?

கச்சேரி நடந்த ஞாயிறும் திருவிழா நாளும் ஒன்றா என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இன்றுவரை எண்ணவில்லை.

அதற்குப் பிறகு பால்டிமோரில் நடந்த ஸோல் கச்சேரி எதையும் நான் விட்டதில்லை. பாட்டுக்காகப் போனேன் என்று லொரெட்டா நினைத்தாள். சுவரோரமாக நின்று பெண்களின் இடது தோளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் பிக்பாக்கெட் என்று இரண்டு முறை சோதனை போட்டார்கள். பையில் கிடைத்தது பேருந்துச் சீட்டு மட்டும். ஏழெட்டுப் பேரைத் தாங்கியிருப்பேன். சிலர் நன்றி சொன்னார்கள், ஒருவர் அறைந்தார். அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது.

எண்பதுகளின் கடைசியில் காகிதம் கிடைத்து ஊருக்குப் போனேன். கோவிந்தன் களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், கையை உதறினான்.

“வா மச்சான். ஆடிக்கு வர்றேன்னியே, எந்த ஆடின்னு சொல்லாம பூட்டியே.”

அழுவான், அடிப்பான் என்று தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. உட்கார்ந்தோம். சாமையைக் கையால் கிளறிவிட்டபடி அவனே சொன்னான்.

“மேளம் ஏற சொல்லோ திரும்பித் திரும்பிப் பாத்தா மச்சான். நான் பின்னாலதான் நின்னுனு இருந்தேன். ரெண்டு அடி. தொடக்கூடாதுன்னு நின்னேன். ரெண்டே அடி.” கையை நீட்டி அளந்து காட்டினான். “நீ அங்க இன்னா பண்ணினு இருந்தே?”

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன் நான். ஊர் பேர் தெரியாத பெண்களை எல்லாம் தாங்கிக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

“பாத்திரம் கழுவினு இருந்தேன்” என்றேன்.

போன வாரம் கடையில் மறுபடியும் அந்தப் பாட்டு. எனக்கு முன்னால், பழ அடுக்கின் எதிரே, ஒரு கிழவி நின்றிருந்தார். அவர் இடது தோள் அசைந்தது. ஒரு முறை. இரண்டு முறை. தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பினார்.

“உங்களுக்கு என்ன வேண்டும்?”

“விழுந்துவிடுவீர்களோ என்று...”

“எலுமிச்சம்பழம் எட்டுகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான்” என்று சிரித்தார். மேலடுக்கிலிருந்து இரண்டு பழம் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று போதும் என்று மற்றதை என் கையிலேயே வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பாட்டு முடிந்து, கோழிக்கறி விலைக் குறைப்பைப் பற்றி ஒரு குரல் பேசியது. எலுமிச்சம்பழத்தோடு ஒரு கை, வெறுமனே ஒரு கை, இரண்டும் நீண்டபடியே இருந்தன. எனக்கு முன்னால் இரண்டடி தூரம் காலியாகக் கிடந்தது.