கல்லில் மட்டும் இருக்கும் மகன்

மெல்பேர்னில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவதுதான் என் வேலை. அங்கே கிடப்பவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. மிஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், பேச்சுத் துணைக்குக் கல்லில் உள்ள பெயர்களை வாசிப்பேன்.

அன்று ஒரு குடும்பக் கல்லறையில் தாய், தகப்பன் பெயர்களுக்குக் கீழே மகனின் பெயரும் இருந்தது. கடலில் காணாமல் போனவன் என்று வெட்டியிருந்தார்கள். உடலே கிடைக்காதவனுக்கும் ஓர் இடம்!

சோற்றுப் பெட்டியை மூடிவைத்தேன். நான் அகதியாகப் படகில் வந்தவன். எனக்குப் பிறகு வேறொரு படகில் ஏறிய தம்பி சேந்தன் இன்றுவரை வந்து சேரவில்லை. ஊரில் அம்மா அவன் படத்துக்கு மாலை போட ஒருவரையும் விட்டதில்லை. நானும் அவளிடம் அவன் பேச்சை எடுப்பதில்லை.

அன்று ஏனோ அம்மாவுக்குப் போன் எடுத்து அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது.

அம்மா கேட்டாள்:

"அந்தப் பிள்ளைக்கு ஆரும் பூ வைக்கிறவையோ?"

"இல்லையம்மா. ஒருத்தரும் வாறேல்லை."

"அப்ப நீ வை, ராசா." பிறகு சொன்னாள்: "ரெண்டு பூவா வை."

மற்றப் பூ யாருக்கென்று நான் கேட்கவில்லை. வேலியோரம் இரண்டு பூப் பறித்து அந்தக் கல்லடியில் வைத்தேன்.

அம்மாவின் நம்பிக்கையைக் கலைக்கக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளும் எனக்காக அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.