ஓசியில் வந்த கூட்டம்

1. டைரக்டர் கேட்ட கேள்வி

"கூட்டம் எங்கய்யா?" என்று டைரக்டர் கேட்டபோது மணி நாலு. ஹீரோ சார் மேடையில் ஏறி நிற்கிறார். கேமரா தயார். எதிரே ஐந்நூறு தொழிலாளர்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் இருபது பேர் நின்றார்கள். கூட ஒரு நாய்.

அந்த ஐந்நூறு பேரும் அப்போது மூன்று கிலோமீட்டர் தள்ளி, என் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். நான் ஹீரோ இல்லை. நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் வண்டியின் டிரைவர்.

சினிமா வண்டி ஓட்டப் புதிதாக வருகிறவர்கள் இந்தக் கதையை என்னிடம் கேட்பார்கள். நாலு பேர் எதிரில் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதிவிடுகிறேன்.

2. தனசேகர் அண்ணன் போட்ட திட்டம்

தனசேகர் அண்ணன் அந்தப் படத்தின் புரொடக்‌ஷன் மேனேஜர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த என்னைச் சினிமாவுக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். எங்கள் ஊரை ஒட்டிய தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைப் பக்கம் மூடிக் கிடந்த ஓர் இரும்பு ஷெட்டில் ஷூட்டிங். கதைப்படி அங்கே ஸ்ட்ரைக். ஹீரோ மேடையேறிப் பேசுவார், ஐந்நூறு தொழிலாளர்கள் கையை உயர்த்துவார்கள்.

சென்னையிலிருந்து ஐந்நூறு பேரைக் கூட்டி வந்தால் பஸ், சாப்பாடு, பேட்டா, காக்கி யூனிபாரம் எல்லாம் வேண்டும். பட்ஜெட்டில் பாதி ஹீரோ சம்பளத்துக்கே போய்விட்டது என்று புரொட்யூசர் தலையில் கை வைத்தார். அண்ணன் அவரைத் தேற்றினார்.

"எதுக்கு சார் அவ்ளோ பேரு? சுத்தி எத்தினி கம்பெனி கீது. ரெண்டு மணிக்கு ஷிப்ட் உடுவான். ஹீரோ வந்துகீறாருன்னு டீக்கடைல ஒரு வார்த்த போட்டா போதும். யூனிபாரத்தோட வந்து நிப்பாங்க. எல்லாம் ஓசி."

"வரலைன்னா?"

"வருவாங்க சார். ஹீரோ மவுசு அப்படி."

"வரலைன்னா நாளையிலேர்ந்து நீயும் வராதே" என்றார் புரொட்யூசர். ஹீரோவின் கால்ஷீட் அன்று சாயங்காலம் ஐந்தரையோடு முடிகிறது. மறுநாள் வேறு படத்துக்காக வெளிநாடு போகிறார். அதனால் அன்று விட்டால் அந்த சீன் இல்லை. அந்த சீன் இல்லையென்றால் அண்ணனுக்கு வேலை இல்லை.

3. கை காட்டியது

கூட்டம் வந்தது. அளவுக்கு மேல் வந்தது. ஷிப்ட் முடித்தவர்கள் பைக்கில் வந்தார்கள், நடந்து வந்தார்கள். ஒரு கம்பெனி பஸ் டிரைவர் ஆட்களோடு பஸ்ஸையே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் மேடைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் ஷெட் வாசலில் லாரி எடை போடும் இடத்தருகே நின்ற ஹீரோவின் கேரவனைச் சுற்றிக்கொண்டு தகரத்தைத் தட்டினார்கள். பவுன்சர்கள் நாலே பேர். சட்டை கிழிந்தால் முந்தைய சீனோடு ஒட்டாமல் கன்டினியூட்டி போய்விடும், இறங்க மாட்டேன் என்று ஹீரோ சார் உள்ளிருந்து சொல்லி அனுப்பினார்.

மணி மூன்றே கால். அண்ணன் என்னிடம் வந்தார். நான் ஓட்டியது ஹீரோயினின் கேரவன். அவருக்கு அன்று சீன் இல்லாததால் வண்டி காலி. அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏழுமல, உன் மீசையும் அவுரு மீசையும் ஒரே மாரி கீதுப்பா."

ஹீரோவின் ஸ்பேர் சட்டையையும் கூலிங் கிளாசையும் எனக்கு மாட்டிவிட்டார். "ஏரிக்கர வளைவு வரைக்கும் மெதுவா ஓட்டினு போ. கூட்டம் உன் பின்னால வரும். அந்த கேப்ல இவர எறக்கி மேடையில ஏத்திடுறேன். போம்போது கைய மட்டும் ஆட்டு."

"கை ஆட்ட எனக்கு வராதுண்ணே."

"என் பொழப்பு உன் கையில கீது. ஆட்டு."

வண்டியை எடுத்தேன். "ஹீரோ அந்த வண்டில போறாருடா" என்று ஒரு பவுன்சர் கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள். ரசிகர்களுக்கு எப்படிக் கை ஆட்டுவது என்று தெரியாமல், வலது பக்கம் திரும்ப லாரியில் காட்டுவது போலக் கையை நீட்டிக் காட்டினேன். விசில் பறந்தது.

"இன்னா எளிமை பாருடா. அவுரே வண்டி ஓட்டினு போறாரு" என்று பக்கத்தில் பைக்கில் வந்தவர் சொன்னது காதில் விழுந்தது.

4. ஏரிக்கரை

வளைவில் வண்டியை நிறுத்தியதும் போன் வந்தது.

"ஏழுமல, கூட்டம் எங்க?"

"என் பின்னாடிதாண்ணே."

"ஐயோ. அத்த வச்சிதான சீனே. உடனே கூட்டினு வா."

ஹீரோவை இறக்கும் பதற்றத்தில், கூட்டம் எதற்கு வந்தது என்பதையே அண்ணன் மறந்திருக்கிறார். அவர் சொன்னபடி செய்த எனக்கும் தோன்றவில்லை.

கரைமேல் சாலை குறுகல். பின்னால் ஆட்கள், பைக்குகள், பஸ். வண்டியைத் திருப்ப வழியில்லை. கூலிங் கிளாசைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சத்தம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் எங்கள் தெரு எஸ்தர் அக்கா. பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவர்.

"ஏழுமல, நீயா? தெனம் பார்க்குற உன் மூஞ்ச பார்க்கவா செருப்பு அறுந்து ஓடி வந்தேன்?"

"ஹீரோ ஷெட்லதான் கீறாருக்கா. எல்லாரும் வாங்க."

"யோவ், அங்கேர்ந்து இங்க ஓட உட்ட. இப்ப இங்கேர்ந்து அங்க ஓட உடுறியா? வேற ஆளப் பாரு" என்றார் ஒருவர். பாதிப் பேர் பைக்கைத் திருப்பி வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார்கள்.

பொய் சொல்ல எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். "நீங்க ஓசியில வருவீங்கன்னு நம்பி மேனேஜர் வேற ஆளே கூட்டினு வர்ல. நீங்க இல்லன்னா அஞ்சரைக்கு பேக்கப். அவுரு வேல போயிடும்."

எஸ்தர் அக்கா சிரித்தார். "அப்ப ஹீரோவே வந்தாலும் நாம இல்லாம ஆவாதுன்னு சொல்லு. சரி வரோம். ஆனா மூஞ்சி தெரியணும். முதுவ மட்டும் காட்டினு நிக்க மாட்டோம். அப்புறம், ஓடியும் வர மாட்டோம்."

கேரவன் கதவைத் திறந்துவிட்டேன். இடம் இருந்தவரை பெண்கள் ஏறினார்கள். மீதிப் பேர் பஸ்ஸிலும் பைக்கிலும். கரை முடிகிற இடத்தில் இருந்த ஒரு செங்கல் சூளை வாசலில் வைத்து வண்டியைத் திருப்பினேன். "ஒடி, ஒடி", "போதும்", "இன்னும் வா" என்று நூறு பேர் நூறு விதமாகச் சொன்னதில், சூளைக்காரரின் வேலியில் கொஞ்சம் போயிற்று. ஷெட்டில் வந்து நின்றபோது, ஏறிய பெண்கள் எல்லோரும் ஹீரோயினின் பவுடரும் லிப்ஸ்டிக்கும் பூசிக்கொண்டு இறங்கினார்கள்.

5. ஆக்‌ஷன்

மணி ஐந்து. கூட்டத்துக்குப் பின்னால் கேமரா, எதிரே மேடையில் ஹீரோ. டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றதும் ஐந்நூறு பேரும் ஹீரோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமரா பக்கம் திரும்பினார்கள்.

"ஹீரோவப் பாருங்க" என்று அசிஸ்டென்ட் டைரக்டர் மைக்கில் கெஞ்சினார்.

"அவர தெனம் டிவில பார்க்குறோம்" என்றார் எஸ்தர் அக்கா.

மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் திரும்பினார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் கேமராமேன் வெறுத்துப்போய்க் கேமராவைத் தூக்கி மேடையில், ஹீரோவின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். கூட்டம் ஒழுங்காகத் திரும்பி நின்றது. கையை உயர்த்தியது. கோபப்படச் சொன்னால் மட்டும் சிரித்தது. ஐந்து இருபதுக்கு ஷாட் ஓகே. ஹீரோ கிளம்பிவிட்டார்.

6. வசூல்

படம் வந்தது. எல்லா ஊரிலும் ஒரு வாரத்தில் தூக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்துத் தியேட்டரில் மட்டும் நாலு வாரம் ஓடியது. ஹீரோ அறிமுகமாகும் இடத்தில் ஒரு விசில் கிடையாது. ஸ்ட்ரைக் சீனில் தியேட்டரே எழுந்து நின்றது. திரையில் ஹீரோவின் முதுகு ஓரமாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்.

புரொட்யூசர் அண்ணனைக் கூப்பிட்டு, அங்கே மட்டும் எப்படி என்று கேட்டார். "அங்க நம்ம படத்துல அஞ்ஞூறு ஹீரோ சார்" என்றாராம் அண்ணன். அடுத்த படத்துக்கும் அவர்தான் மேனேஜர்.

நான் கற்றது இவ்வளவுதான். ஹீரோ பேரைச் சொல்லிக் கூட்டத்தை வரவழைத்துவிடலாம். வந்தவர்களை நிற்க வைக்க, அவர்களுக்கும் அந்த இடத்தில் ஒரு வேலை இருக்க வேண்டும். லொகேஷனில் ஆள் நிறுத்தும்போது முகம் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எஸ்தர் அக்கா அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொந்தக்காரர்களோடு. படம் என்ன கதை என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெர்லப்பா. நாங்க வர்ற சீனுக்கு முன்னாடி இன்னாவோ ஓடிக்கினு இருந்திச்சி" என்றார்.