லிடியா சொன்ன போர்டு

பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை லிடியா படிப்பதில்லை. மதர்போர்டை வெளியே எடுத்ததும் மேல் தகட்டைக் கழற்றிவிட்டு, பிராசசரைச் சுற்றியிருக்கும் சின்னச் சதுரக் காயில்களை எண்ணுகிறாள். பிராசசருக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பவை அவை. எண்ணிக்கை குறைந்தால் போர்டு சூடேறிக் கருகும். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டோடு ஆறு மணி நேரம் அதை ஓடவிடுவாள். "ஏசி ரூம்ல எது வேணா நிக்கும். நம்ம சேலத்து வெயில்ல நின்னாத்தான் போர்டு" என்பாள்.

செவ்வாய்ப்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். ஆறு வருடமாக யூடியூபில் பேசுகிறாள். கேட்பவர்கள் வருடக்கணக்கில் மிச்சம் பிடித்து ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்கள். "போர்டுல லைட்டு மினுக்குதேன்னு மயங்காதீங்க, அதுக்கும் உங்ககிட்டதான் புடுங்குவான்" என்று அவர்களுக்குச் சொல்வாள். எந்தப் போர்டையும் முழுசாகப் புகழ்ந்ததில்லை.

பங்குனியில் ஒரு கம்பெனி பார்க்கச் சொல்லி ஒரு போர்டு அனுப்பியது. விலை குறைவு, எட்டுக் காயில். மாடியறையில் அது அசரவே இல்லை. "இத கண்ண மூடிட்டு வாங்குங்க" என்று லிடியா முதன்முறையாகச் சொன்னாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அந்தப் போர்டைத் தன் கம்ப்யூட்டரிலேயே மாட்டிக்கொண்டாள்.

ஆனியில் ஜலகண்டாபுரத்திலிருந்து அறிவுச்செல்வி வந்தாள். சேலைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பெண். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த போர்டை மேஜைமேல் வைத்தாள். ஒரு மூலை கருகியிருந்தது.

"நீங்க சொன்னதுதானுங்க்கா. ரெண்டு மாசங்கூட ஓடல. ஆடிச் சேலை ஆர்டர் இன்னொருத்தருக்குப் போயிருச்சுங்க."

லிடியா தகட்டைக் கழற்றினாள். அதே பெயர், அதே நிறம். காயில் ஐந்துதான் இருந்தது. மறுபடி எண்ணினாள். ஐந்துதான்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். "விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறும்னு பெட்டியிலயே போட்டிருக்கே மேடம்" என்றான் ஒருவன், மரியாதை குறையாமல். அவள் படிக்காத அந்தப் பெட்டியில், கீழ் ஓரத்தில், எறும்பு வரிசைபோல அது இருந்தது.

அன்றே பழைய வீடியோவை நீக்கிவிட்டு, தன் போர்டையும் கருகியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டிப் பேசினாள். முந்நூறு பேர் பார்த்தார்கள். அதிலும் ஒருவர், 'எவ்ளோ வாங்குனீங்க அக்கா' என்று கேட்டிருந்தார்.

மறுவாரம் அறிவுச்செல்வியை வரச்சொன்னாள். வந்தவள் லிடியா முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களச் சொல்லி என்னங்க்கா ஆவப்போவுது. நீங்க பாத்தது வேற, எங்களுக்கு வித்தது வேற" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது லிடியாவுக்கு. தன் கம்ப்யூட்டரை அணைத்து, பக்கத் தகட்டைத் திறந்து, உள்ளிருந்த எட்டுக் காயில் போர்டைத் திருகு திருகாகக் கழற்றினாள்.

"இதுவும் அதே போர்டுதானுங்களா?" அறிவுச்செல்வியின் குரலில் பயம் இருந்தது.

"பேரு அதேதான்."

லிடியா தூசியைத் துடைத்தாள். மேஜை டிராயரிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து, போர்டின் நடுவே வெள்ளையில் அச்சடித்திருந்த பெயரை ஒரு எழுத்தும் தெரியாமல் அடித்தாள். மை காயும்வரை ஊதிவிட்டு, அறிவுச்செல்வியின் கையில் கொடுத்தாள்.