சேராத சபைக்கு ஒரு வரி

என் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு பாதிரியார் வாழ்த்து அட்டை அனுப்புகிறார். அவரை நான் பார்த்ததே இல்லை. அது என் பிறந்தநாளும் இல்லை; எங்கள் ஊர் சிலமலைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்டுவிட்ட தேதி. ஆனாலும் அட்டை தவறாமல் வந்துவிடும். "நம் சபையின் அன்பு மகளுக்கு" என்று ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் கும்பிடுவது ஊர் எல்லைக் காளியை. கிடா வெட்டினால்தான் அவளுக்குத் திருப்தி. பாவம், அந்த மனுஷருக்கு அது எங்கே தெரியப்போகிறது!

மேற்கு ஜெர்மனிக்கு நான் நர்ஸ் வேலைக்கு வந்தது எழுபத்தாறில். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி. கூட வந்த ஏழு பேரும் மலையாளக் கிறிஸ்தவப் பெண்கள். விசா ஒரு வருஷத்துக்குத்தான். வருஷம் தவறாமல் போய் முத்திரை வாங்க வேண்டும். வந்த முதல் வாரமே ஒரு சிஸ்டர் எட்டுப் பேருடைய காகிதங்களையும் ஒரே மூச்சில் நிரப்பினார். அதில் ஒன்று லோன்ஷ்டொயர்கார்ட்டே, சம்பள வரி அட்டை. அதில் மதத்துக்கு என்று ஒரு கட்டம் உண்டு. ஏழு பேருக்குப் போட்ட அதே இரண்டெழுத்தை எனக்கும் போட்டுவிட்டார். கத்தோலிக்கர் என்று அர்த்தமாம். எனக்கு அப்போது பாஷை தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வருஷம் சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகையை மட்டும்தான் பார்த்தேன். இங்கே இருக்கும் நம் பெண்களுக்குச் சொல்கிறேன், அந்தச் சீட்டை ஒருதடவையாவது மேலிருந்து கீழ்வரை வாசியுங்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தி, பக்கத்து அறை லீலாம்மாதான் ஒருநாள் என் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கட்டப்பனைக்காரி; ஏலத்தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழ் பேசுவாள். "எடீ, இது சர்ச்சுக்குப் பிடிக்குற வரி. எங்க ஆளுங்க கட்டுறது. நீ எதுக்குக் கட்டுறே?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தக் குளிருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. ஒரே ஒரு யோசனை மட்டும் வந்தது. இதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை ஊரில் காளி கோயிலுக்கு வரியாகக் கட்டினால் என்ன?

அம்மாவுக்காகத்தான் அந்த யோசனை. எங்கள் கோயிலில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு வரி. அதைக் கட்டிய வீட்டுப் பானைதான் திருவிழா அன்று பொங்கல் வரிசையில் ஏறும். அப்பா இருந்தவரை எங்கள் பானை மூன்றாவது. அப்பா இறந்ததும் வரி நோட்டில் எங்கள் வீட்டை அடித்துவிட்டார்கள். நான் ஒரே பிள்ளை. ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறி, ஏலக்காய் எடுத்து, அந்தக் கூலியில் என்னை நர்ஸ் படிக்க வைத்தவள் அம்மா. அப்பா இறந்த வருஷம் அவள் தன் பானையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வெளியே, புளியமரத்தடிக்குப் போனாள். நான் சுள்ளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வரியை நிறுத்தச் சொல்ல இங்கே டவுன் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் இருந்தார்.

"சபையிலிருந்து வெளியேறுகிறீர்களா?"

"நான் உள்ளே போனதே இல்லையே."

"வரி அட்டையில் இருக்கிறதே."

"எங்கள் சாமி வேறு."

"பரவாயில்லை. ஃபாரத்தில் காரணம் கேட்பதில்லை" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். நான் கையெழுத்துப் போடாமல் பையில் வைத்துக்கொண்டேன். முதலில் ஊர் நோட்டில் பேர் ஏறட்டும், அப்புறம் இங்கே இறங்கலாம் என்று நினைத்தேன். பெரிய காரியக்காரி நான்!

லீவில் ஊருக்குப் போனபோது வரி நோட்டு வைத்திருக்கும் ராசு பெரியப்பா வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்குப் பங்காளி. காப்பி கொடுத்து உட்கார வைத்தார்.

"பொம்பளப்புள்ளகிட்ட வரி வாங்குற வழக்கம் இல்லத்தா. நீ நாளைக்கி இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள."

"அப்ப அம்மா பேருல எழுதுங்க பெரியப்பா."

"ஆம்பள இல்லாத வீடு எப்பிடித்தா தலக்கட்டாகும்? நீ நன்கொடையாக் குடு. ஒரு ட்யூப்லைட்டு வாங்கிப் போட்டு, உபயம்னு பேரெழுதிருவோம்."

அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினாள். "விடுத்தா. நான் தள்ளி நின்னு கும்புட்டுக்கிறேன். சாமி என்ன நோட்டப் பாத்தா ஆளு தெரிஞ்சுக்கும்? வா, எனக்குச் சோலி கெடக்கு." வெளியே வந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கு அழுகை வந்திருக்கலாம், வரவில்லை. திரும்பப் போய் ட்யூப்லைட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருவிழா முடிந்து அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது, யாரிடமோ சொல்லி எழுதியது. "லைட்டு நல்லா எரியுது ஆத்தா. அதுல உங்கப்பா பேரத்தான் எழுதியிருக்காக. நான் எப்பவும்போல புளியமரத்தடியிலதான் பொங்கல் வச்சேன். வெளிச்சம் அங்க வரைக்கும் வருது."

விசா முத்திரைக்குப் போன அன்றே டவுன் ஆபீசில் அந்தக் கண்ணாடிக்கும் போனேன். முத்திரை வழக்கம்போல ஒரு வருஷத்துக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் என்னை நம்பாத இந்த நாட்டில், சபை மட்டும் சாகும்வரை வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. அதே அம்மாள்தான் இருந்தார். "ஃபாரம் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார். பையில்தான் இருந்தது.

"மாற்றம் ஒன்றும் இல்லை" என்றேன்.

ஜூன் மாசம் பாதிரியாரின் அட்டை வந்தது. மேலே அப்பா பேரோடு சேர்த்து என் முழுப்பேர், ஒரு எழுத்துத் தப்பில்லாமல். மற்ற வருஷங்களில் குப்பையில் போட்டுவிடுவேன். இந்தத் தடவை அம்மாவின் கடிதம் இருந்த உறையிலேயே அதையும் செருகி வைத்தேன்.