பேட்டரி வயரைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னவன்

இன்று பாகலூர் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட். என் காரின் இடப்பக்கக் கதவைப் பிரித்துப் போட்டிருந்தார் முனிராஜ். பவர் விண்டோ கண்ணாடி ஒரு வாரமாக அசையவில்லை.

"பேட்டரி வயரைக் கழட்டிரட்டுமா சார்?" என்று கேட்டார்.

"வேணாங்க. கழட்டுனா ஆடியோ லாக் ஆயிரும், திறக்குற கோட் நம்பர் எங்கிட்ட இல்ல" என்றேன்.

பாட்டு இல்லாமல் ஓசூர் சிக்னலில் நிற்க முடியாது அல்லவா.

அவர் கதவுக்குள் கையை விட்டு மோட்டார் வயரைச் செருகிக்கொண்டிருந்தார். டிரைவர் சீட்டில் எனக்குப் புழுங்கியது. சாவியைத் திருப்பி, என் பக்கக் கண்ணாடியை இறக்கப் போனேன். விரல் பக்கத்து சுவிட்சை அழுத்திவிட்டது.

ஒரு வாரமாகச் செத்துக் கிடந்த கண்ணாடி அப்போது பார்த்து இறங்கியது. உள்ளே இருந்த இரும்புக் கம்பி அவர் விரலைப் பிடித்து நசுக்கியது.

அதுவரை தமிழில் பேசியவர் கன்னடத்தில் அலறினார்.

மோதிர விரலில் ஐந்து தையல். நகம் திரும்ப வளருமா என்று டாக்டர் சொல்லவில்லை.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முனிராஜ் கேட்டார்: "கம்பெனில உங்களுக்கு என்ன வேலைங்க சார்?"

"ஆபீஸ் வேலைங்க" என்றேன்.

பொய். நான் ஃபேக்டரியில் சேஃப்டி ஆபீசர். மிஷினுக்குள் கை விடும் முன் கரண்டை நிறுத்து, பூட்டுப் போடு, சாவியை உன் பையில் வை. பதினோரு வருடமாக இதுதான் என் பாடம். நாளைக் காலை புது ஆட்களுக்கும் இதே வகுப்பு.

வேறு வேலை ஏதாவது காலி இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பக்கத்தில் மனிதர்கள் இல்லாத வேலையாக இருந்தால் நல்லது.