பாதிப் பாட்டில் பழக்கம்

ஒரு குவார்ட்டர் பாட்டிலை இருவர் சரிபாதியாகப் பிரித்துக் குடிப்பதைக் கட்டிங் என்பார்கள். ஒரகடத்தில் நான் எழுத்தராக வேலை பார்த்த தொழிற்சாலையில் லீவு வாங்கவும் சண்டையைத் தீர்க்கவும்கூட அது உதவியது. சேர்ந்து கட்டிங் போட்டவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

பிரஸ் மெஷினில் என் அறைத்தோழனின் இரண்டு விரல்கள் போயின. வேலை வேகமாக நடக்க மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர். அன்று மாலை அவர் என்னை வாலாஜாபாத் சாலைக் கடைக்கு அழைத்தார். போனேன், பாதி பாட்டிலையும் குடித்தேன்.

மறுநாள் காலை விபத்து அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தடுப்ப அவனே கயட்டிட்டான்னு எழுதிடு தல. நேத்துதான ஒண்ணா கட்டிங் போட்டோம், எனக்கு இதுகூட செய்ய மாட்டியா?"

நேரம், மெஷின் எண் எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதினேன். அவர் சொன்னதையும் எழுதினேன். அதைக் காட்டியே நண்பனுக்கு நஷ்டஈட்டை மறுத்தார்கள்.

திருநெல்வேலிக்குக் கிளம்பும்போது அவன், "நீ எழுதுனா சரியாத்தாம்ல இருக்கும்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்தேன்" என்றான்.

கட்டுப்போட்ட கையால் அவனுக்குச் சூட்கேஸைப் பூட்ட முடியவில்லை. நான்தான் பூட்டிக் கொடுத்தேன்.