சத்தம் போடக் கூடாத கார்

எங்கள் கார் ஒருமுறை வெடித்தால் கடைத்தெருவில் பாதிக் கடை பூட்டும். வெடித்தால் என்று நான் எழுதுவது புகைக்குழாய்க்குள் எழும் ஒரு 'டப்'பை மட்டும்தான். ஆனால் அது சண்டைக் காலம், எங்கள் காதுகளுக்கு எல்லா 'டப்'பும் ஒன்று. கடைக் கதவுகள் கடகடவென்று இறங்கும், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரியும் மான்கள் சந்தியை விட்டு ஒழுங்கைக்குள் பாயும். தம்பி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "நான் ஒண்டும் செய்யேல்லை" என்பான்.

அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமை கலியாணம். பெண்ணுக்கு ஊர் கிளிவெட்டி. எங்கள் உப்புவெளியிலிருந்து கந்தளாய்ப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். வழியில் இருந்த ஆமி செக்பொயின்ற்றுகளை எண்ணக் கைவிரல்கள் போதாது. அதில் ஒன்றின் முன்னால் கார் 'டப்' என்றால், துவக்கோடு நிற்பவன் முதலில் சுடுவான், பிறகுதான் விசாரிப்பான். வேறு வாகனம் பிடிக்கவும் ஏலாது. அந்தப் பாதையால் போக ஆமி கொடுக்கும் பாஸ் இந்தக் காருக்குத்தான் கிடைத்திருந்தது, அதற்கே அவன் மூன்று நாள் வரிசையில் நின்றவன்.

பிளக் மாற்றினான். கொயில் மாற்றினான். பெற்றோல் டாங்கியைக் கழற்றிக் கழுவினான். அம்மா தன் பங்குக்கு நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தா. கார் எல்லா உபசாரத்தையும் ஏற்றுக்கொண்டு அடுத்த சந்தியில் 'டப்' என்றது.

புதன் காலை உள்துறைமுகப் பக்கத்துக் கராஜுக்குப் போனோம். கராஜ்காரர் கிண்ணியா முஸ்லிம், எங்களுக்கு அண்ணன் முறையில் நானா. கையில் பாதி கடித்த பணிஸோடு வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கலியாணத்துக்கு வெடி வாங்குற காசு மிச்சம் போல?"

"பகிடி விடாதேங்கோ நானா. சுட்டுப் போடுவாங்கள்."

"சுட விட்டா எனக்குக் கலியாணச் சாப்பாடு போயிருமே. எனக்கும் சொல்லியிரிக்கிறீங்கதானே."

ஒரு பிளக் வயரைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றச் சொல்லிப் பார்த்தார். பொறி நீலமாக, பலமாகத் தெறித்தது. "நெருப்பில குறையில்ல. நெருப்புக்கு நேரம் சொல்றதிலதான் குறை." எஞ்சின் சுற்றுகிற சுற்றை உள்ளே ஒரு சின்னக் கொயில் எண்ணும், அந்தக் கணக்கு மெல்லிய வயர் வழியே ஒரு பெட்டிக்குப் போகும், பெட்டி அதைப் பார்த்து நெருப்புக் கொடுக்கும், டாஷ்போட் ஊசியும் அதே கணக்கில்தான் ஆடும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீங்க ஏறுங்க. மாப்பிள்ளை வெளியில நிக்கட்டும். மெதுவா மிதிச்சு, எஞ்சின் சத்தத்தையும் டாஷ்போட்டில சுத்து காட்டுற ஊசியையும் ஒண்டாப் பாருங்க. ரெண்டும் ஒரே கதையா சொல்லுது?" என்றார்.

மிதித்தேன். சத்தம் ஏற ஊசியும் ஏறியது, இரட்டைப் பிள்ளைகள் படி ஏறுகிற மாதிரி. இரண்டாயிரம் வரைக்கும் சமாதானம். அதற்கு மேல் சத்தம் அப்படியே நிற்க, ஊசி மட்டும் நாலாயிரத்துக்குத் துள்ளியது, விழுந்தது, மறுபடி துள்ளியது. 'டப்'. வாசலில் மட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்ற மான், பெட்டியை விட்டுவிட்டு மறைந்தது.

"நானா, எஞ்சின் நடக்குது, ஊசி ஓடுது."

அவர் எஞ்சினை மூடும் பொனற்றுக்குள் தலையை விட்டார். வயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு சிரிப்பில் தோள் குலுங்கியது. "இந்த வயருக்கெல்லாம் சடை பின்னிவிட்டது ஆரு?"

"நான்தான்," என்றான் தம்பி, பெருமையாக. "வடிவா இருக்கெல்லோ?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. செக்பொயின்ற்றில் பொனற்றைத் திறப்பார்கள். தனியாக ஒரு வயர் ஓடினால் அது எங்கே போகிறது, யார் பூட்டியது என்று அரை நாள் கேள்வி. அதனால் கார் வைத்திருந்தவர்கள் பலர் வயர்களை ஒளிக்கப் பழகியிருந்தார்கள். தம்பி ஒருபடி மேலே போய், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டும் கறுப்பு ரேப்பால் ஒரே கயிறாகச் சுற்றியிருந்தான். ஒரு சிப்பாய் அதைப் பார்த்து, நல்லாயிருக்கு என்று சிங்களத்தில் "ஹொந்தாய்" என்றானாம்.

"தடிச்ச வயரெல்லாம் பிளக்குக்குப் போறது, ஆயிரக்கணக்கில வோல்ட்," என்றார் நானா. "அதோட இந்த மெல்லிய வயரையும் கட்டினா, அதுட இரைச்சல் இதுக்குள்ள ஏறும். சந்தைக்குள்ள நிண்டு காதில ரகசியம் சொல்ற மாதிரி. பெட்டி பாவம், இரைச்சலையும் சுத்தெண்டு எண்ணி, கண்ட நேரத்தில நெருப்புக் குடுக்குது."

ரேப்பைப் பிளேட்டால் கிழித்து, மெல்லிய வயரை மற்றப் பக்கத்தால் தனியே எடுத்துவிட்டார். நான் மிதித்தேன். சத்தமும் ஊசியும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. தேவையில்லாமல் பத்துத் தரம் மிதித்தேன்.

தம்பியின் முகம் மட்டும் தெளியவில்லை. "நானா, இது இப்ப குண்டுக்குப் போற வயர் மாதிரியெல்லோ தெரியுது."

"கட்டினா வெடிக்கும். கட்டாட்டிக் கேள்வி கேப்பாங்க. எது வேணும்?"

"நீங்களும் எங்களோட காரில வாங்கோ."

"முன் சீற் எனக்கு."

வெள்ளிக்கிழமை, கந்தளாய்க்கு இந்தப் பக்கம், ஓர் இளம் சிப்பாயின் விரல் நேரே அந்த வயருக்குத்தான் போனது. பட்டு வேட்டியோடு நின்ற தம்பி நானாவைத் திரும்பிப் பார்த்தான். நானா இறங்கிச் சிங்களத்தில், கையைச் சுழற்றிச் சுழற்றிச் சொன்னார். அவன் நம்பவில்லை. நானா தம்பியை ஏறி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஓடுகிற எஞ்சினில் அந்த வயரை இழுத்தார். எஞ்சின் நின்றது, ஊசி பூச்சியத்தில் விழுந்தது. திரும்பப் பூட்டினார், தம்பி மறுபடி ஸ்டார்ட் பண்ணினான். எஞ்சின் எழும்பியது, ஊசியும் எழும்பியது. சிப்பாய் கூட்டாளியைக் கூப்பிட்டான். இன்னொரு தரம். பிறகு தானே இழுத்துப் பார்க்க ஆசைப்பட்டான். தாம்பூலத் தட்டை மடியில் வைத்தபடி, ஒவ்வொரு தரமும் நான் 'டப்'புக்குக் காது கொடுத்தேன். ஒரு 'டப்'பும் வரவில்லை. இரண்டு பேரும் சிரித்தபடி பொனற்றை மூடினார்கள்.

அடுத்தடுத்த இடங்களிலும் அதே கதைதான். கிளிவெட்டியில் போய் இறங்கும்போது முகூர்த்தத்துக்குக் கால் மணித்தியாலம் இருந்தது, சொல்லிச் சொல்லி நானாவுக்குக் குரல் கட்டிப் போயிருந்தது. பந்தல் வாசலில் பெண்ணின் தகப்பன், "ஏன் தம்பி இவ்வளவு சுணக்கம்?" என்று கேட்டார்.

"வழி நெடுக வகுப்பு எடுத்துக்கொண்டு வந்தனாங்கள் மாமா," என்றான் தம்பி, செருப்பைக் கழற்றியபடி.